ஐப்பசித் தண்ணீரில் தூண்டில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. புரட்டாசியில் ஜிலேபி மீனை வாரிக் கொடுத்த இடத்தில் இப்போது தக்கை அசையவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகர், உத்திரமேரூர்

இடத்தை மாற்றுங்கள். தண்ணீர் ஏறினால் மீனும் கரை ஏறும். புதிதாக முழுகிய புல்தரை, வரத்துக்கால் ஏரியில் விழும் முகம், இந்த இரண்டிலும்தான் அடித்து வரும் புழு பூச்சியெல்லாம் சேர்கிறது. அங்கே இரண்டு மூன்றடி ஆழம்தான் இருக்கும்; தக்கையை அதற்கேற்ப இறக்கிக் கட்டுங்கள். பழைய அளவிலேயே விட்டால் தூண்டில் முள் சேற்றில் படுத்துவிடும், தக்கையும் சாய்ந்து கிடக்கும்.

செம்மண் கலங்கலில் மீனுக்குக் கண் உதவாது, மோப்பம்தான். மாவைவிட மண்புழு மேல். முழுப் புழுவையும் முள்ளுக்குள் மறைக்காமல் அரை அங்குல வால் தொங்கட்டும். கெளுத்தி தேடி வரும். பார்த்துப் பாயும் விராலுக்குத் தண்ணீர் தெளியும் வரை பொறுங்கள்.

ஏரி குத்தகையில் இருந்தால் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏரி நிரம்பி மறுகால் பாயும்போது, உபரி நீர் வழியும் கலுங்குக் கல்லில் நிற்கவே வேண்டாம், பாசி வழுக்கும்.

கேள்வி: புண்ணாக்கு மாவு வீசும்போதே உதிர்ந்துவிடுகிறது.
– வாசகர், திண்டிவனம்

மைதா குறைவு. கடலைப் புண்ணாக்குத் தூள் 100 கிராம், வறுத்த தவிடு 50, மைதா 100. உலர்வாகவே கலந்துகொண்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஈரத் துணியில் 20 நிமிடம் சுற்றி வையுங்கள்; பசை பிடிக்க அந்த நேரம் வேண்டும். பிறகு ஓர் உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் உடையாமல், ஓரம் மட்டும் கரைந்தால் சரி. அரை மணி ஆகியும் கரையவில்லையா? மைதா கூடிவிட்டது. வாசமும் பரவாது, தூண்டிலைச் சுண்டும்போது முள் மாவைக் கிழித்து வெளியே வராது, மீன் வாயிலும் ஏறாது. கெண்டைக்குச் சுண்டைக்காய் அளவு, ரோகுவுக்கு நெல்லிக்காய் அளவு.

கேள்வி: கெளுத்தி குத்தினால் என்ன செய்வது?
– வாசகர், செய்யாறு

முதுகில் ஒன்று, செவுளை ஒட்டி இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள்ளிலும் விஷம் உண்டு. கழுவி, ஒடிந்த துண்டு இருந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை முக்கி வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும், வீக்கம் ஏறினாலும் மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறை மீனைத் தொடவே வேண்டாம்: தூண்டில் முள்ளின் தண்டைப் பிளையரால் பிடித்து, வாளிக்கு மேல் தலைகீழாகத் திருப்பி உதறினால் தானே விழும்.

கேள்வி: விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன; இரையைத் தொடுவதில்லை.
– வாசகர், மதுராந்தகம்

பசி இல்லை, மூச்சுத் திணறல். இரண்டு மூன்று நாள் வானம் மூடாக்கு போட்டால் வெயிலின்றிப் பாசி ஆக்சிஜன் விடுவது குறையும். விடியற்காலையில்தான் தட்டுப்பாடு உச்சம். வெயில் வந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் போடுங்கள்.