கேள்வி – பதில்: பழைய செய்திப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: 1941 நவம்பர் 7 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் ஸ்டாலின் உரையாற்றும் செய்திப் படத்தை இணையத்தில் பார்த்தேன். அணிவகுத்துச் செல்லும் வீரர்கள் மீது பனி கொட்டுகிறது. ஆனால், பேசிக்கொண்டிருக்கும் ஸ்டாலினின் வாயிலிருந்து சிறிதும் ஆவி வரவில்லை. அந்த அணிவகுப்பே ஜோடிக்கப்பட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மிகக் கூர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள். அணிவகுப்பு நடந்தது உண்மை. ஸ்டாலின் அங்கே பேசியதும் உண்மை. ஆனால், நீங்கள் பார்த்த உரைக் காட்சி அங்கே எடுக்கப்பட்டதன்று. ஜெர்மன் படைகள் மாஸ்கோவை நெருங்கியிருந்த நேரம் அது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, வழக்கமாகக் காலை 10 மணிக்குத் தொடங்கும் அணிவகுப்பை முன்னறிவிப்பின்றி 8 மணிக்கே தொடங்கிவிட்டார்கள். அதனால் உரையை ஒலியோடு படம்பிடிக்க முடியாமல் போனது. சில நாள்களுக்குப் பிறகு, கிரெம்ளின் மாளிகைக்குள் ஸ்டாலின் நின்று பேசிய லெனின் நினைவகத்து மேடையைப் போலவே ஒரு மாதிரியை அமைத்து, ஸ்டாலினை மீண்டும் பேசவைத்து எடுத்த காட்சியை அணிவகுப்புக் காட்சிகளோடு இணைத்தார்கள். அரங்கினுள் வெளியில் இருந்த குளிர் இல்லாததால்தான் ஆவி தெரியவில்லை. ஆகவே, அதே படத்தில் வரும் வீரர்களின் முகங்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவர்களில் பலர் அந்தச் சதுக்கத்திலிருந்து நேராகப் போர்முனைக்குச் சென்றவர்கள். ஒரு படத்தை முழுவதுமாக நம்புவதோ முழுவதுமாக ஒதுக்குவதோ சரியன்று. காட்சி காட்சியாகப் பிரித்து, எது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்பதே முறை.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க் காட்சிகளில் கேட்கும் பீரங்கி முழக்கமும் விமான இரைச்சலும் போர்க்களத்தில் பதிவானவைதாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவிகள் கனமானவை; அவற்றைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓட முடியாது. நேச நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் பலர் கையில் வைத்திருந்தது ஐமோ போன்ற, சாவி கொடுத்து இயக்கும் 35 மில்லிமீட்டர் கேமரா. அதில் ஒலி பதிவாகாது. 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடி முடிந்துவிடும். அதற்குள்ளேயே சுருள்வில் தளர்ந்து, மீண்டும் சாவி கொடுக்க வேண்டியிருக்கும். குண்டு விழும் இடத்தில் நின்று சுருள் மாற்றியவர்களின் துணிவை எண்ணிப் பாருங்கள். போர்க் காட்சிகள் சில நொடிகளிலேயே அறுபட்டுத் தாவுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெடிச்சத்தமும் இசையும் வர்ணனையாளரின் கம்பீரக் குரலும் பின்னர் ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டவை. வர்ணனையை எழுதியவர்களும் தணிக்கைக்கு உட்பட்டவர்களே. எனவே, ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. குரல் சொல்லும் வெற்றிக் கதைக்கும் திரையில் தெரியும் களைத்த முகங்களுக்கும் உள்ள தொலைவு அப்போது புலப்படும்.

கேள்வி: இப்படியெல்லாம் ஒட்டு வேலை நடந்திருக்கும்போது, இவற்றை வரலாற்றுச் சான்றாக எப்படி ஏற்பது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஏற்கலாம், நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. 1945 நவம்பர் 29 அன்று, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில், நாஜி வதைமுகாம்களைப் பற்றிய படம் ஒன்று குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களின் முன்னிலையிலேயே திரையிடப்பட்டது. காட்சிகள் எவ்விதத்திலும் மாற்றப்படவில்லை என்று பொறுப்பானவர்கள் அளித்த உறுதிமொழிப் பத்திரங்களோடுதான் அந்தப் படமே தொடங்குகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ராணுவப் படப்பிடிப்பாளர்கள், சடலங்கள் கிடந்த குழிகளையும், அவற்றின் விளிம்பில் நிறுத்தப்பட்ட உள்ளூர் ஜெர்மன் அதிகாரிகளையும் சேர்த்துப் படமெடுத்தார்கள். இது எங்கோ எடுத்து ஒட்டியது என்று பின்னாளில் எவரும் மறுத்துவிடக் கூடாது என்ற கவலை அன்றே இருந்தது. தவிர, எந்த நாளில், எந்த இடத்தில், என்ன எடுத்தோம் என்று படப்பிடிப்பாளர் கைப்பட எழுதிய குறிப்புத் தாள்களும் சுருள்களோடு அனுப்பப்பட்டன. லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அவற்றையும் பாதுகாத்து வருகிறது. என்னைக் கேட்டால், சுருளுக்கு உள்ள மதிப்பு அந்தத் தாளுக்கும் உண்டு. இணையத்தில் உலவும் துண்டுப் படங்களை நான் நம்பத் தயங்குவது, அந்த விவரம் அறுத்தெறியப்பட்டிருப்பதால்தான்.

கேள்வி: 1947 ஆகஸ்ட் 15 நிகழ்ச்சிகளை நம் அரசு படம்பிடித்ததா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை என்பதுதான் வேதனை. போர்க்காலத்தில் ஆங்கில அரசு தொடங்கிய 'இந்தியன் நியூஸ் பரேடு' என்ற செய்திப்பட வரிசை, ஆட்சியாளரின் பிரசாரக் கருவி என்று வெறுக்கப்பட்டது. மத்திய சட்டசபை நிதியை மறுக்கவே, 1946-இல் அது நின்றுபோனது. அந்த வெறுப்பு நியாயமானது. ஆனால், அடுத்த ஆண்டே விடுதலை வந்தபோது, அதைப் பதிவுசெய்ய அரசிடம் ஒரு படப்பிரிவுகூட இல்லை. அரசின் படப்பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் உருவானது 1948-இல்தான். அந்த நாளின் அசையும் படங்களுக்கு நாம் பெரிதும் வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களையும் தனியார் படப்பிடிப்பாளர்களையுமே நம்பியிருக்கிறோம். அவற்றில் பலவற்றின் வர்ணனை, வெளியேறும் ஆட்சியின் பெருந்தன்மையைப் புகழும் குரலில் ஒலிப்பதற்கு இதுவே காரணம்.