'ஐ ஆம் நோயிங்' ஏன் கூடாது? வடசென்னை வாசகர்களின் ஆங்கிலக் கேள்விகள்

டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) தெரியுமா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். 'ஐ ஆம் நோயிங் டாலி' என்றேன். 'ஐ நோ டாலி' என்று திருத்தினார்கள். இப்போதும் எனக்கு டாலி தெரியும்தானே, 'இங்' போட்டால் என்ன தப்பு?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

ஓடுவது, எழுதுவது, சமைப்பது எல்லாம் செயல் வினைகள். நடந்துகொண்டிருக்கும்போது அவற்றுக்கு 'இங்' வரும். நோ, லைக், வான்ட், நீட், பிலாங், ஓன் போன்றவை நிலை வினைகள். அங்கே நடப்பதற்கு எதுவும் இல்லை. டாலி தெரிந்தவருக்குத் தூக்கத்திலும் டாலி தெரியும்.

தம்பி, இதைப் பிடிக்க நம் பேட்டைப் பேச்சே போதும். 'சாப்ட்டுனு கீறேன்', 'வந்துனு கீறான்' என்கிறோம். 'எனக்கு டாலி தெரிஞ்சினு கீது' என்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'தெரியும்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ('தெரிஞ்சிக்கினு கீறேன்' வேறு, அது கற்றுக்கொள்வது, ஆங்கிலத்தில் லேர்னிங்.) 'கீது' ஒட்டாத இடத்தில் பெரும்பாலும் 'இங்'கும் ஒட்டாது. இந்தப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. அதற்குள் இலக்கணம் இம்மி பிசகாமல் இருக்கிறது.

இன்னொரு அடையாளம், 'எனக்கு'. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்குப் புரியுது: நான்கும் ஆங்கிலத்தில் நிலை வினைகள். பிலீவ் போன்ற சில சொற்கள் இரண்டு சோதனையிலும் தப்பிவிடும். பிலீவுக்கு 'நான் நம்புறேன்' என்றுதான் சொல்கிறோம், ஆனாலும் அது நிலை வினை. அவற்றைத் தனியாக மனதில் வையுங்கள்.

மீன் ஏற்றுமதி ஆபீசில் வேலை. 'தி ஃபிஷ் இஸ் வெயிங் ஃபைவ் கிலோஸ்' என்ற என் மெயிலைத் திருத்திய மேனேஜர், 'ஐ ஆம் வெயிங் தி ஃபிஷ்' சரி என்கிறார். ஒரே சொல்தானே?
– காசிமேடு

ஏலம் நடக்கும் இடத்தில் பாருங்கள். ஒருவர் வஞ்சிரத்தைத் தூக்கித் தராசில் வைக்கிறார், எண் ஓடி நிற்கும்வரை பார்க்கிறார், எடையைக் கூவிச் சொல்கிறார். அவர் வேலை செய்கிறார்: ஹி இஸ் வெயிங் தி ஃபிஷ். மீன் என்ன செய்கிறது? சும்மா கிடக்கிறது. ஐந்து கிலோ என்பது அதன் எடை, அவ்வளவுதான்: தி ஃபிஷ் வெய்ஸ் ஃபைவ் கிலோஸ்.

அடுப்படியிலும் இதே கதைதான். குழம்பில் உப்பு பார்க்கிற அம்மா 'இஸ் டேஸ்டிங்'. குழம்பு 'டேஸ்ட்ஸ் குட்'. திங்க் என்பதும் அப்படியே. 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' என்றால் கருத்து. 'ஐ ஆம் திங்கிங் அபௌட் தி ஆஃபர்' என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே சொல்லைத் தனியாக எடுத்து எந்த வகை என்று கேட்காதீர்கள். அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள்.

என் மகள் 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று எழுதினால் தப்பு, 'ஐ ஆம் ஹேவிங் டிஃபன்' சரியாம். ஏன்?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

தமிழில் 'இருக்கு' என்று வந்தால் ஹேவ் மட்டும். சாப்பிடுவது, குளிப்பது, மீட்டிங் நடத்துவது என்றால் ஹேவிங் வரலாம். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து சொல்லும் 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பதையும் இப்போதே மாற்றிவிடுங்கள் அம்மா. 'ஐ ஹேவ் எ டவுட்' போதும்.

கால் சென்டரில் 'ஐ ஆம் நாட் ஹியரிங் யூ' என்று சொல்லலாமா?
– வியாசர்பாடி

'ஐ கான்ட் ஹியர் யூ' என்று சொல்லுங்கள். இங்கேயும் 'எனக்கு'தான் வழிகாட்டி. 'எனக்குக் கேக்கல' என்பது ஹியர், நிலை வினை. 'நான் கேட்டுனு கீறேன்' என்பது லிசன், செயல் வினை. 'ஐ ஆம் லிசனிங், சார்' என்று தைரியமாகச் சொல்லலாம். எனக்குத் தெரியுது என்றால் சீ, நான் பார்க்கிறேன் என்றால் லுக். 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ' சரியா என்று கேட்பீர்கள். சரி, அங்கே சீ என்பது போய்ச் சந்திப்பது.

அப்படியானால் மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் 'ஐ ஆம் லவ்விங் இட்'?
– திருவொற்றியூர்

2003இல் வந்த வாசகம் அது. வாயில் வைத்த அந்த நொடியே ரசிக்கிறேன் என்ற துடிப்புக்காக வேண்டுமென்றே வழக்கத்தை மீறியது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு. பரீட்சையில் வேண்டாம்.

நிலை வினைகளின் பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவேன்.
– கொடுங்கையூர்

வெய், டேஸ்ட், திங்க் மூன்றும் பட்டியலை உடைப்பதை மேலே பார்த்தீர்கள். 1957இல் ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார்; நிலை அதில் ஒன்று. ஓடுவது போல நீள்பவை, வீடு கட்டுவது போல ஒரு முடிவை நோக்கிப் போகிறவை, கண்டுபிடிப்பது போலச் சட்டென்று நடப்பவை மற்ற மூன்று. பட்டியலுக்குப் பதில் தினமும் ஐந்து வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றும் 'என்ன பண்ணினு கீற?' என்ற கேள்விக்குப் பதிலாகுமா என்று பாருங்கள்.

நண்பருக்குச் சான்றுக் கடிதம் எழுத வேண்டும். 'ஐ ஆம் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதலாமா?
– பெரம்பூர்

கூடாது. பத்து வருடம் நீண்டாலும் தெரிவது தெரிவதுதான்: 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்'. அவர் செய்யும் வேலைக்கு மட்டும் 'இங்' வரும். அடுத்த வரியில் 'ஹி ஹேஸ் பீன் வொர்க்கிங் இன் பெரம்பூர் சின்ஸ் 2015' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள்.