ஸ்பைனல், எபிட்யூரல், முதல் நிமிடம்: கேட்டதும் சொன்னதும்

பயிற்சி வகுப்பில் நேரம் போதாமல் மிஞ்சிப்போன கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஸ்பைனல், எபிட்யூரல் இரண்டும் முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்வது: ஸ்பைனல் பெரும்பாலும் சிசேரியனுக்கு, எபிட்யூரல் பிரசவ வலிக்கு. நான் மயக்க மருந்து கொடுப்பவள். பாதி வாழ்க்கை லேபர் வார்டில் போய்விட்டது. குழந்தை விஷயத்தில் எனக்குத் தெரிந்தது முதல் பத்து நிமிடம்தான், அதற்கு மேல் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். ஆரம்பிக்கும் முன்பே ஒன்று: ஆம்பூலை, அதாவது மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, படித்துவிட்டு உடையுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

முதலாண்டு முதுநிலை மாணவர்: மேடம், ஸ்பைனல் போட்டதும் பிபி சரிகிறது. அதை ஏற்ற எனக்கு எஃபிட்ரின்தான் பழக்கம். எல்லாரும் ஃபினைல்எஃப்ரின் என்கிறார்களே, ஏன்?

எஃபிட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. குழந்தையின் இதயமும் உடலும் அந்த மருந்துக்கு வேகமெடுக்கின்றன, தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. தாயின் பிபி அழகாக நிற்கும், குழந்தையின் ரத்தம் வேறு கதை சொல்லும். ஃபினைல்எஃப்ரினில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஸ்பைனல் செய்வது ரத்தக்குழாய்களைத் தளர்த்துவது. இந்த மருந்து அவற்றை இறுக்குகிறது. பிரச்சினை எங்கேயோ அங்கேயே மருந்து.

இன்னொன்று, பிபி விழட்டும், அப்புறம் ஏற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். ஸ்பைனல் உள்ளே போனதுமே பம்பில் நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் தொடங்குங்கள். 2018இல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கை சொல்வதும் அதுதான். தாயின் வழக்கமான மேல் பிபியில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கப் பாருங்கள். 'எனக்கு ஒரு மாதிரி இருக்கு, வாந்தி வருது' என்று அவர் சொன்னால் பெரும்பாலும் பிபி இறங்கிக்கொண்டிருக்கிறது, மானிட்டரில் எண் வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். பிபியும் குறைந்து நாடித்துடிப்பும் குறைந்திருந்தால் மட்டும் ஃபினைல்எஃப்ரினை நிறுத்திவிட்டு எஃபிட்ரினை எடுங்கள். பழைய நண்பருக்கு அந்த வேலை இன்னும் இருக்கிறது.

இடது பக்கம் சாய்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 15 டிகிரி சாய்த்தால், கருப்பையின் எடை அமுக்கும் கீழ்ப்பெருஞ்சிரை (கீழுடம்பு ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய்) விடுபட்டுவிடும் என்று நாங்கள் படித்தோம். 2015இல் எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்தபோது 15 டிகிரியில் பெரிய மாற்றம் இல்லை, 30 டிகிரியில்தான் ஓரளவு விரிந்தது. 30 டிகிரி சாய்த்த மேசையில் அறுவை செய்யச் சொன்னால் சர்ஜன் உங்களைப் பார்க்கும் பார்வையை யோசித்துக்கொள்ளுங்கள். சாய்ப்பதை விட வேண்டாம், ஆனால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஃபினைல்எஃப்ரின் பெரும்பாலும் 10 மில்லிகிராம் ஆம்பூலாக வரும். அதை 100 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். நேரடியாகச் சிரிஞ்சில் எடுத்து ஏற்றியவர்கள் உண்டு. ஆம்பூலைப் படியுங்கள்.

கர்ப்பிணி ஒருவர்: எபிட்யூரல் போட்டால் காலத்துக்கும் முதுகுவலி வருமாமே?

இல்லை. ஊசி போன இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் முதுகுவலி பல தாய்மார்களுக்கு வருகிறது, எபிட்யூரல் போடாதவர்களுக்கும்தான். இரண்டு குழுவையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. தலைவலி வேறு விஷயம். ஊசி தவறுதலாக உள்சவ்வைத் துளைத்துவிட்டால் உட்கார்ந்தால் ஏறி, படுத்தால் இறங்கும் கடும் தலைவலி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, சொல்லாமல் வீட்டில் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள்.

இன்னொருவர்: எபிட்யூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியுமா?

சிசேரியன் கூடுவதில்லை. முக்கித் தள்ளும் கட்டம் கொஞ்சம் நீளலாம்.

பிரசவ அறை செவிலியர்: குழந்தை அழவில்லை. மாஸ்க் வைத்துக் காற்றுப் பையை அழுத்துகிறேன், நெஞ்சு எழும்பவே இல்லை. பயிற்சியில் பொம்மைக்கு அழகாக எழும்பியது. எங்கே தப்பு?

சிஸ்டர், இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்ததற்கு அர்த்தம் இருக்கிறது.

முதலில் மாஸ்கை எடுத்துத் திரும்ப வையுங்கள். பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஓரத்தில் 'புஸ்' என்று காற்று போகும் சத்தம் கேட்கிறதா? தாடையை மாஸ்குக்குள் தூக்கிக் கொண்டுவாருங்கள், மாஸ்கை முகத்தின் மேல் அமுக்காதீர்கள். அமுக்கினால் கழுத்து மடங்கிக் காற்றுவழி அடைத்துவிடும். அடுத்து தலை. பூ முகர்வது போல மூக்கு மேலே பார்க்க வேண்டும். ரொம்பப் பின்னால் சாய்த்தாலும் அடைக்கும். பச்சிளம் குழந்தைக்குப் பின்மண்டை பெரிது, அதனால் மல்லாக்கப் படுக்க வைத்தாலே கழுத்து முன்னால் மடியும். தோளுக்கு அடியில் ஒரு துணி மடிப்பு போதும். பொம்மையில் இது தெரியாது. அதன் கழுத்து நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும், ஈரமான குழந்தையின் கழுத்து நிற்காது.

அப்படியும் எழும்பவில்லையா? வாயையும் மூக்கையும் உறிஞ்சிவிட்டு, வாயைச் சற்றுத் திறந்து வைத்துக் கொடுங்கள். அப்புறம் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயோ, தொண்டைக்குள் வைக்கும் லாரிஞ்சியல் மாஸ்கோ. நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு நல்ல அடையாளம் இதயத்துடிப்பு ஏறுவது. நெஞ்சு எழும்பும்படி 30 விநாடி காற்று கொடுத்த பிறகும் துடிப்பு 60க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சை அழுத்துவது, மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. காற்றே போகாமல் நெஞ்சை அழுத்தி ஒரு பயனும் இல்லை.

நிறைமாதக் குழந்தைக்கு வெறும் காற்றோடு, அதாவது 21 சதவீதத்தோடு தொடங்குங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரை வலது மணிக்கட்டில் ஒட்டிவிட்டு அப்புறம் வயரைச் செருகுங்கள், எண் சீக்கிரம் வரும். முதல் நிமிடத்தில் 60 முதல் 65 சதவீதம் இயல்பு. ஐந்தாம் நிமிடத்தில்தான் 80ஐத் தொடும். 70ஐப் பார்த்ததும் ஆக்சிஜனை முழுதாகத் திறந்துவிடாதீர்கள்.

சான்றிதழ் வாங்கியவர்கள்கூடச் சில மாதத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முழுநாள் வகுப்பைவிட, ஷிஃப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் பொம்மையோடு நிற்பது மேல்.

குழந்தையின் நிலைக்குப் போடும் அப்கார் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தானே காற்று கொடுக்க வேண்டும்?

இல்லை. முதல் அப்கார் ஒரு நிமிடத்தில். காற்று அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும். அப்கார் என்பது நடந்ததைக் குறித்துவைப்பது. அதைக் கண்டுபிடித்த வர்ஜீனியா அப்கார் எங்கள் துறைக்காரர், மயக்க மருத்துவர். 1952இல் முன்வைத்து 1953இல் வெளியிட்டார்.

பனிக்குட நீரில் மெகோனியம், அதாவது குழந்தையின் முதல் மலம், கலந்திருந்தால் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டுமா?

வழக்கமாகத் தேவையில்லை, 2015லிருந்தே. துவண்ட குழந்தைக்கும் காற்றுதான் முதலில்.

மயக்கவியல் மாணவி: ஸ்பைனல் ஏறியதை ஐஸ் வைத்துப் பார்க்கிறேன், நெஞ்சு வரை 'ஜில்' தெரியவில்லை என்கிறார். ஆனாலும் அறுவை நடுவில் அழுகிறார். ஏன்?

ஏனென்றால் குளிர்ச்சி தெரியாத எல்லைக்கும் தொடு உணர்ச்சி மறைந்த எல்லைக்கும் இடைவெளி உண்டு. குளிர் மறைந்த எல்லை மேலே வரை போயிருக்கும், தொடு உணர்வு மறைந்த எல்லை இரண்டு மூன்று கட்டம் கீழேயே நின்றிருக்கும். வெட்டுவது அடிவயிற்றில்தான். ஆனால் கருப்பையை இழுத்து, வயிற்றுச் சவ்வைத் துடைக்கும்போது வரும் உணர்ச்சி மேலே நெஞ்சு மட்டத்து நரம்புகள் வழியாகப் போகிறது. அதனால் மெல்லிய தொடுதலே டி5 வரை, அதாவது முலைக்காம்புக்குச் சற்றுக் கீழே வரை, இரண்டு பக்கமும் மறைந்திருக்க வேண்டும். கால்களைத் தூக்க முடியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகப்பேறு மருத்துவர் (இடையில்): இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் கேஸ் எப்போது ஆரம்பிப்பது? பெரும்பாலும் அது அழுத்தம்தான், வலி இல்லை. பயத்தில் அழுகிறார்கள்.

டாக்டர், உங்கள் இடத்தில் நின்று நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு தாய் 'வலிக்குதம்மா' என்றார். 'இழுக்கிற மாதிரிதான் இருக்கும், வலிக்காது' என்றேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் வார்டில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அமைதியானதை ஸ்பைனல் வேலை செய்ததாகக் குறிப்பில் எழுதியிருந்தேன்.

மகப்பேறு மருத்துவர்: ஒரு சம்பவத்தை வைத்து எல்லாருக்கும் சட்டம் போட முடியுமா? நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டும்போது பஞ்சு எடுத்துத் தொட்டுக்கொண்டிருப்பீர்களா?

மாட்டேன். ரத்தம் கொட்டினால் பெரும்பாலும் முழு மயக்கம்தான் கொடுப்பேன், அந்தக் கணக்கே வேறு. நான் சொல்வது மற்ற எல்லா கேஸும். 2022இல் பிரிட்டனில் சிசேரியன் நடுவில் வரும் வலிக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. வலி என்று சொன்னால் நம்ப வேண்டும், நிறுத்த முடிந்தால் அறுவையை நிறுத்த வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், முழு மயக்கம் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

மற்றொரு மயக்கவியல் மருத்துவர்: வலியைக் குறைத்து மயக்கும் கெட்டமைன் கொஞ்சம் கொடுத்தால் முடிந்தது. எதற்கு இவ்வளவு?

சிறிய அளவு உதவும், நானும் கொடுப்பேன். ஆனால் மேலும் மேலும் கொடுத்து, காற்றுவழியைக் காக்காமல், பாதி மயக்கத்தில் வைப்பது இருப்பதிலேயே மோசமான இடம். கர்ப்பிணியின் வயிறு நிறைந்திருக்கும். உணவு நுரையீரலுக்குப் போவதை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் மெண்டல்சன் 1946இலேயே எழுதிவிட்டார். முழு மயக்கம் வேண்டுமென்றால் குழாயோடு முழுதாகக் கொடுங்கள்.

மகப்பேறு மருத்துவர்: சரி, பஞ்சு வைத்துப் பாருங்கள். வயிற்றைச் சுத்தம் செய்ய எனக்கு ஆகும் நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

தாராளமாகப் போதும். சுத்தம் செய்யும் முன் என்னைப் பார்த்துத் தலையசையுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரத்தப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் எப்போது?

பிரசவத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள், 1 கிராம், ரத்தக்குழாயில் (சிரையில்) மெதுவாக, சுமார் 10 நிமிடத்தில். 2017இல் வெளியான, ஏறக்குறைய 20,000 தாய்மார்கள் இருந்த ஆய்வு அது. இப்போது என் ஆம்பூல் கதை. இதன் ஆம்பூலும், ஸ்பைனலுக்குப் போடும் மரப்பு மருந்தான புபிவகெயின் ஆம்பூலும் சில நிறுவனங்களில் அச்சாக ஒரே மாதிரி இருக்கின்றன. தவறிப்போய் முதுகில் போட்டால் கடும் முதுகுவலி, கால் துடிப்பு, வலிப்பு. பதிவான சம்பவங்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கையே விட்டது. ஸ்பைனல் தட்டு இருக்கும் மேசையில் அந்த மருந்து இருக்கவே கூடாது. வேறு அலமாரி, வேறு கை. பெயரை வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும்.

என் மனைவிக்கு பிளேட்லெட் 82 ஆயிரம். ஸ்பைனல் போடலாமா?

பார்க்காத ஒருவருக்கு இங்கிருந்து சொல்ல மாட்டேன். 70 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக ஆபத்து குறைவு என்று கருதுகிறோம். ஆனால் எண் இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஏன் குறைந்தது என்பதும் முக்கியம். உங்கள் மயக்கவியல் மருத்துவரைப் பிரசவ வலி வரும் முன்பே பாருங்கள்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை, மூன்றாம் நாள்...

குழந்தை மருத்துவர்.

மேடம், எபிட்யூரலால் முதுகுவலி...

மேலே இருக்கிறது.

சான்றிதழ் எப்போது வரும்?

ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். பையைப் பிடித்த கை மறக்கும் முன் வந்துவிட்டால் நல்லது.

அப்கார் 7க்குக் கீழே இருந்தால் உடனே என்ன மருந்து?

மருந்து இல்லை. செவிலியருக்கு எழுதிய பதிலைப் படித்துவிட்டு, பொம்மை வைத்திருக்கும் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள்.