குறிப்பெடுத்து முடித்த பிறகும் பழைய ஆவணங்களைத் திரும்பப் படிக்கத்தான் வேண்டுமா?

ராயபுரமோ தண்டையார்பேட்டையோ, உங்கள் பகுதியின் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள், நோட்டு நிரம்பிவிட்டது, இன்னொரு தடவை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அலைய மனசில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அலையத்தான் வேண்டும். முதல் வாசிப்பில் எதைத் தேடுகிறோம் என்பதே பாதிதான் தெரியும். அத்தியாயத்தை எழுதிப் பார்த்த பிறகுதான் எந்த வரி முக்கியம் என்று பிடிபடும்.

வடசென்னைக்கு இதில் சோதனை கூடுதல். 1746-க்கு முந்தைய புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவில் 'பிளாக் டவுன்' என்று வந்தால் கை தானாக 'ஜார்ஜ் டவுன்' என்று எழுதிவிடும். தப்பு. அந்தப் பழைய ஊர் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கம் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த பிறகு இடிபடத் தொடங்கியது. மிச்சத்தை ஆங்கிலேயரே தரைமட்டமாக்கினார்கள். கோட்டை பீரங்கிக்குக் குறுக்கே வீடு இருக்கக் கூடாதாம். பெயர் மட்டும் வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைக்குப் போனது. இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான். வீடு கட்டக் கூடாத அந்த வெற்றுநிலத்தின் எல்லைக்காக 1773-இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரம் இன்னும் நிற்கிறது. தினம் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள், ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

தேதி இதைவிட மோசம். 1752 வரை ஆங்கிலேயருக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டி, பிரெஞ்சுக்காரருக்குப் புதிய கிரிகோரியன். அந்த நூற்றாண்டில் இடைவெளி 11 நாள். 1746-இல் மதராஸ் சரணடைந்தது ஒரு தரப்பில் செப்டம்பர் 10, மறுதரப்பில் 21. இரண்டும் ஒரே நாள்தான். ஆங்கிலேயரின் ஆண்டு அப்போது மார்ச் 25-இல் பிறந்ததால், பதிவில் 'பிப்ரவரி 1720' என்றிருந்தால் நம் கணக்குக்கு 1721. வருவாய்க் கணக்கில் பசலி என்ற நிலவரி ஆண்டு வந்தால், ஆங்கில ஆண்டுக்கு 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் தொடங்குவதால் ஜனவரி முதல் ஜூன் வரையான மாதங்களுக்கு 591.

அடிக்குறிப்பு வரிசையிலேயே மூலத்தை எடுத்து, மேற்கோள் உள்ள பக்கத்தோடு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படியுங்கள். ஒரு நாள் போட்ட தீர்மானம் அடுத்த கூட்டத்திலேயே ரத்தாகியிருக்கும். அரசாணைக்குத் துறை, எண், தேதி மூன்றும் வேண்டும். எண்ணை மட்டும் குறித்து வைத்தால் வேறு துறையின் கட்டுதான் கைக்கு வரும். 1921 பின்னி நெசவாலை வேலைநிறுத்தம் போன்ற விஷயத்தில் ஆணையை மட்டும் படித்தால் அரசு சொல்ல விரும்பியது மட்டும்தான் கிடைக்கும். அதோடு சேர்த்துக் கட்டிய கடிதங்களில்தான் விஷயம் இருக்கும். நோட்டில் ஆவணத்தின் சொல்லை நீல மையிலும் உங்கள் சொல்லைச் சிவப்பிலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

'எல்லாம்தான் ஸ்கேனில் கிடைக்கிறதே' என்று ஒருவர் வருவார், தெரியும். கிடைப்பதைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தையலுக்குள் போன ஓரக்குறிப்பு ஸ்கேனில் விழாது.

ஆகஸ்டு வந்தால் சென்னை தினம் என்று கூட்டம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மயிலாப்பூருக்குக் கோயிலும் சபாவும், வடசென்னைக்குக் குத்துச்சண்டையும் பிரியாணியும் என்று பங்கு பிரிப்பதை எப்போது நிறுத்துவீர்கள்? 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதானே!