ஒரு கவுளியில் மிஞ்சும் ஓர் இலை

அன்புள்ள ஐயா,

என் மகள் உயர்நிலை 1இல் படிக்கிறாள். 91 பகா எண் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்துவிட்டாள். 1 ஏன் பகா எண் ஆகாது என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை. 2 முதல் 13 வரையுள்ள வகுபடும் விதிகளை அவள் மனப்பாடம் செய்ய ஏதுவாக ஒரு பட்டியலாகத் தருவீர்களா?

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் தரமாட்டேன். அது அவளுடைய பாடநூலிலேயே இருக்கும். 1இன் கதை சிறியது: பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும், 1க்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது ‘மனப்பாடம்’ என்ற சொல்தான்.

அவள் வயதில் நானும் ஒரு விதியை மனப்பாடம் செய்தேன்: இலக்கங்களைக் கூட்டி வரும் தொகை 3ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். ஏன் அப்படி என்று கேட்டதற்கு ஆசிரியர் என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். விடை அன்று மாலை அப்பாவிடம் கிடைத்தது. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்த அவர், ஈரச் சாக்கின்மேல் வெற்றிலையைப் பத்துப் பத்தாக அடுக்கி, நூறு சேர்ந்ததும் ஒரு கவுளியாகக் கட்டிவைப்பார். நான் அழுகையோடு சொன்னதைக் கேட்டுவிட்டு, “பத்து இலையை மூன்று பேருக்குச் சமமாகக் கொடு” என்றார். ஆளுக்கு மூன்று போக ஓர் இலை மிஞ்சியது. ஒரு கவுளியைப் பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு முப்பத்து மூன்று போக அதே ஓர் இலைதான் மிஞ்சியது.

ஆக, 456 இலைகள் இருந்தால் நான்கு கவுளியில் நான்கு இலை, ஐந்து பத்துகளில் ஐந்து இலை, அவற்றோடு உதிரி ஆறு, மொத்தம் பதினைந்து இலைதான் இன்னும் பங்கிடாமல் கிடக்கின்றன. நாம் இலக்கங்களைக் கூட்டுவதாக நினைக்கிறோமே, அது இந்த மிச்ச இலைகளை எண்ணும் வேலைதான். ஒன்பது பேருக்குப் பங்கிட்டாலும் பத்திலும் நூறிலும் ஒன்றே மிஞ்சும் என்பதால், 9இன் விதியும் இதுவே. விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தின் அஞ்சல் குறியீடு 188064. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 27, எனவே வகுத்துப் பார்க்காமலேயே அது 9இன் மடங்கு என்று சொல்லிவிடலாம்.

ஏழு பேர் என்றால் பத்துக்கு மூன்று இலை மிஞ்சுகிறது, நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு ஆறு. ஒவ்வோர் இடத்திலும் மிச்சம் மாறுவதால்தான் 7க்கு அவ்வளவு எளிய விதி அமையவில்லை. ஆனாலும் உங்கள் மகளின் 91ஐ அதே இலைகளால் தீர்த்துவிடலாம்: ஒன்பது பத்துகளில் மிஞ்சுவது இருபத்தேழு, உதிரி ஒன்று, ஆக இருபத்தெட்டு, அது ஏழு பேருக்கும் நான்கு நான்காகப் போய்விடுகிறது. எனவே 91 என்பது 7 பெருக்கல் 13.

மகள் 91இல் தடுமாறியதற்காக அவளைக் கடிந்துகொண்டிருந்தால் அது உங்கள் தவறு. 2, 3, 5 மூன்றாலும் வகுபடாத எண்ணைப் பார்த்துப் பகா எண் என்று அவள் நம்பியது நியாயமானதே. நூறுக்குள் இருக்கும் எண்ணுக்கு 7ஐயும் சோதித்துவிட்டால் போதும் என்பதை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. இன்று இரவு அவளோடு தரையில் உட்கார்ந்து, ஒரு பெட்டி தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக அடுக்குங்கள். 11க்கு உரிய விதியை நீங்கள் சொல்லாதீர்கள். பதினோரு பேருக்குப் பங்கிடும்போது பத்தில் ஒரு குச்சி குறைகிறது, நூறில் ஒன்று மிஞ்சுகிறது என்பதை அவளே கண்டுபிடித்துவிடுவாள்.