மின்வண்டி வரும்போது ‘நியாயமான மாற்றம்’ என்கிறார்களே, அது என்ன?

பெட்ரோல், டீசல் வண்டியிலிருந்து மின்வண்டிக்கு மாறும் செலவு தொழிலாளி தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அது. பருவநிலை மாற்றத்தைத் தடுக்க உலக நாடுகள் செய்துகொண்ட 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே இந்தக் கருத்து இருக்கிறது.

மின்வண்டியில் பிஸ்டன் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை. அம்பத்தூர் பட்டறையில் பிஸ்டன் கடைபவரின் கைப்பழக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. பெரிய கம்பெனி பேட்டரி வண்டிக்கு மாறிக்கொள்ளும். அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் சின்னப் பட்டறைதான் முதலில் ஆட்டம் காணும்.

சாலையை அகலப்படுத்தக் கடையை இடிக்கிறார்கள் என்று வையுங்கள். மாற்று இடம் கொடுத்துவிட்டு இடிப்பது வேறு, இடித்துவிட்டு மனு எழுதச் சொல்வது வேறு. இங்கே மாற்று இடம் என்பது சம்பளத்தோடு பயிற்சி, அப்புறம் அதே ஊரில் வேலை.

பலர் நினைப்பதுபோல இது மின்வண்டிக்கு எதிர்ப்பு இல்லை. பழைய எஞ்சின் ஆலையை அப்படியே ஓட்டச் சொல்வதும் இல்லை.