பள்ளிப் பேருந்து யாருக்கு? அது எங்கே நிற்க வேண்டும்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உம்சிந்தோவுக்கு மேற்கே, கரும்புத் தோட்டப் பகுதியில் இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்து வருகிறேன். எங்களுக்கு அருகில் உள்ள பள்ளி 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் தமிழும் படிக்கட்டும் என்று 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரப் பள்ளியில் சேர்த்தோம். அரசு செலவில் ஓடும் பள்ளிப் பேருந்து எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் இவர்களை ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். இது நியாயமா? – ஒரு பாட்டி, உம்சிந்தோ

பதில்: அம்மா, உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் விதி உங்களுக்குச் சாதகமாக இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2015ஆம் ஆண்டுத் தேசிய மாணவர் போக்குவரத்துக் கொள்கைப்படி, கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் வசதியற்ற பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை உண்டு என்றாலும், அது வீட்டுக்கு மிக அருகிலுள்ள பொருத்தமான பள்ளிக்குப் போய்வர மட்டுமே கிடைக்கும். பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுத்த பள்ளிக்குக் கிடைக்காது. உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும், நெடுந்தூரம் நடக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும், பொதுப் போக்குவரத்து இருக்கும் இடத்தில் தனியாகப் பேருந்து விடப்படாது என்றும் அதே கொள்கை சொல்கிறது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஒருவழித் தூரம் 3 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்பதே வழக்கமான அளவுகோல். ஆக, அருகிலுள்ள பள்ளியில் சேர்த்திருந்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் தூரக் கணக்கில் தகுதி பெற்றிருப்பார்கள். தமிழுக்காகத் தொலைவை ஏற்றுக்கொண்ட குடும்பம் அதற்காகவே இந்த உதவியை இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இருந்தாலும் ‘பொருத்தமான’ என்ற நிபந்தனையைச் சற்று ஊன்றிப் பாருங்கள். அருகிலுள்ள பள்ளியில் இடமில்லை, பிள்ளையின் வகுப்பே அங்கு இல்லை, அல்லது பிள்ளையின் உடற்குறைக்கு ஏற்ற வசதி இல்லை என்றால், அடுத்த பள்ளிக்குப் போவதை உங்கள் விருப்பத் தேர்வு என்று யாரும் தள்ளிவிட முடியாது. அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்து இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எடுபடாது. பிள்ளைகள் நடக்கும் வழியையும் விவரமாக எழுதுங்கள். குறுக்குவழி ஓடையைக் கடந்து போகிறது, கோடை மழையில் அந்த ஓடை பெருகிவிடும் என்றால், சுற்றுவழியின் தூரத்தையே குறிப்பிடுங்கள்.

விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே போக வேண்டும். மறுத்தால், 90 நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் கேட்க 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. தூரமும் வறுமையும் பள்ளிக்கதவை அடைக்கும் இடத்தில், அரசு செலவில் போக்குவரத்து என்பது அடிப்படைக் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று கிரஹாம்ஸ்டவுன் உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஈஸ்டர்ன் கேப் மாகாண மாணவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கு அது. உங்கள் கடிதத்திலும் அதைக் குறிப்பிடலாம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்குப் பேருந்து கிடைத்துவிட்டது. ஆனால் ஆர்612 சாலையின் வளைவு ஒன்றில், கரும்பு ஓரமாகத்தான் நிற்கிறது. கரும்பு லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டால் காலையில் என் மனைவிக்கு உயிரே இல்லை. நிறுத்தத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? – ஒரு தந்தை, இக்சோபோ சாலை

பதில்: கண்டிப்பாகக் கேளுங்கள், இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. பேருந்து கிடைத்ததே போதும் என்று பெற்றோர் அடங்கிவிடுகிறார்கள். ஆனால் பிள்ளை ஆபத்தை எதிர்கொள்வது இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது அல்ல, சாலையோரத்தில் காத்து நிற்கும்போதும் இறங்கிக் கடக்கும்போதும்தான்.

ஒரு நாள் பேருந்து வரும் அதே நேரத்துக்கு அங்கே போய், உங்கள் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து இருபுறமும் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது தெரியும் லாரி, அந்த உயரத்தில் புல்லுக்குப் பின்னால் மறைந்துபோகலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே ஒரு விநாடிக்கு மேல் போய்விடும், பாரம் ஏற்றிய லாரி நிற்க இன்னும் நெடுந்தூரம் வேண்டும். ஆகவே இரு திசையிலும் குறைந்தது 150 மீட்டராவது தெளிவாகத் தெரியாத இடம் நிறுத்தத்துக்கு உதவாது என்பது என் கருத்து. கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள். வெட்டி முடித்த வயலை ஒட்டி நின்று பார்த்துவிட்டு, ‘நன்றாகத்தான் தெரிகிறது’ என்று முடிவு செய்துவிட வேண்டாம். ஆலை அரைவை ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை நடப்பதால், லாரிப் போக்குவரத்தும் குளிர்கால இருட்டும் ஒன்றாகச் சேர்ந்தே வருகின்றன. ஜூன் கடைசியில் டர்பன் பக்கம் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 6.50 மணி ஆகிவிடும். ஆறு மணிக்குச் சாலையோரம் நிற்கும் பிள்ளையின் பையிலும் சட்டைக் கையிலும் ஒளிபிரதிபலிக்கும் பட்டை கட்டாயம் தேவை.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் ஓடுவதால், காலையில் பேருந்து உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நின்றால், மாலையில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில்தான் இறக்கிவிடும். களைத்துப்போய், வீட்டு நினைப்போடு இறங்கும் பிள்ளை பேருந்தின் முன்னால் புகுந்து ஓடிக் கடப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பேருந்து போய் மறையும் வரை நின்று, பிறகு கடக்கப் பழக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, இறங்கும் பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் விட, பேருந்து பெருஞ்சாலையை விட்டு விலகித் தோட்டச் சாலைக்குள் வந்து திரும்பிப் போவதே சிறந்தது. அது தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். முனையில் உள்ள கரும்பைச் சில வரிசை பின்னுக்குத் தள்ளி நடவும் அவரிடமே கேட்டுப் பாருங்கள். இரு திசையிலிருந்தும் எடுத்த படங்களோடு தலைமையாசிரியருக்கும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் எழுதி, நகல்களை மாகாணப் போக்குவரத்துத் துறைக்கும் உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் அனுப்புங்கள். ஒரே நிறுத்தத்துப் பெற்றோர் அனைவரும் கையெழுத்திட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும்.

கேள்வி: மாதக் கட்டணத்துக்கு ஒருவர் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்புறம் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார். மேலே கூரை போட்டிருக்கிறார். அனுப்பலாமா? – ஒரு தாய், ஸ்டேங்கர்

பதில்: அனுப்ப வேண்டாம். சரக்கு ஏற்றும் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வது 2017 மே 11 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கூரை போட்டிருப்பது அதற்கு விலக்கு ஆகாது. வேறு வண்டி பார்க்கும்போது, ஓட்டுநரிடம் பயணிகளை ஏற்றுவதற்கான தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும், வண்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் இயக்க உரிமமும் இருக்கின்றனவா என்று நேரில் வாங்கிப் பார்த்து, காலாவதித் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.